வரப்புல ஓட்டை எங்கன்னு பாருங்க: விசுவாசத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு

ஞானஸ்நானம் வாங்கி, இல்ல திடப்படுத்தல் முடிச்சு வெள்ளச் சட்டையோட வீட்டுக்குப் போன மொத மூணு வாரம் நல்லாத்தான் இருக்கும். காலைல எந்திரிச்சு வேதம் வாசிப்பீங்க, யாரையும் திட்ட மாட்டீங்க, கடைக்காரரு சில்லற ஜாஸ்தியா குடுத்துட்டா கூட திரும்பப் போயி குடுத்துட்டு வருவீங்க. நாலாவது வாரம் சனிக்கெழம சாயங்காலம் பழைய கூட்டாளி ஒருத்தன் பைக்க நிறுத்தி "என்ன மாப்ள ஆளயே காணோம், சாமியாரா ஆயிட்டியா"ன்னு கேப்பான், அவ்ளோதான். ஞாயித்துக்கெழம காலைல தலவலியோட படுத்துக் கெடந்து 'நமக்கெல்லாம் இது ஒத்து வராதுப்பா'ன்னு கோயிலுக்கும் போகாம விட்ருவீங்க. இது உங்களுக்கு மட்டும் நடக்குறது இல்ல, எனக்குத் தெரிஞ்சு முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான் நடந்துருக்கு, எனக்கும்தான்.

நான் பொறையாருக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல ஒரு கிராமம், லுத்தரன் சபை. போதகரெல்லாம் இல்ல. வாலிபர் ஐக்கியத்துல புதுசா வர்ற பசங்களோட உக்காந்து பேசுறது பத்துப் பன்னெண்டு வருசமா நடக்குது, சோதனை வர்றப்ப விழாம இருக்க அதுல எது வேலைக்கு ஆச்சு எது ஆவலன்னு பாத்ததத்தான் எழுதுறேன். நான் விழுந்த எடத்தையும் கீழ சொல்றேன், அத மறைச்சுட்டு உங்களுக்கு வழி சொன்னா அது நல்லா இருக்காது.

மொதல்ல ஒரு கொழப்பத்த தீத்துக்கலாம். மனசுல ஒரு ஆச எட்டிப் பாத்துச்சுன்னாலே 'ஐயோ நான் பாவி, என் ஞானஸ்நானமே வேஸ்ட்டு'ன்னு சில பேரு அழுவாங்க. இயேசு 40 நாள் சாப்பிடாம வனாந்தரத்துல இருந்தப்ப அவருக்கே சோதனை வந்துச்சு, அதுக்காக அவரு பாவியா? ஆச வாசல்ல வந்து நிக்கிறது வேற, பாய விரிச்சு உக்கார வெச்சு காப்பி போட்டுக் குடுக்குறது வேற. யாக்கோபு 1:14, 15 எடுத்துப் பாருங்க, ஆச இழுக்குது, அப்பறம் சிக்க வைக்குது, அப்பறம் கர்ப்பம் தரிக்குது, அப்பறந்தான் பாவத்தப் பெக்குது. நாலு படி. நமக்கு வேல இருக்குறது மொத ரெண்டு படியில, கர்ப்பமானப்பறம் போயி பிரசவத்த நிறுத்த முடியுமா. இன்னொண்ணு, கடவுள்தான் என்னை இப்படி மாட்டி விடுறாருன்னு அவரு மேல பழி போடுறதையும் விட்ருங்க. 1529ல லுத்தர் எழுதுன சின்ன ஞானோபதேசத்துல கர்த்தருடைய ஜெபத்தோட ஆறாவது விண்ணப்பம், 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்'ங்கறதுக்கு வெளக்கம் இருக்கு, கடவுள் யாரையும் தப்புக்கு இழுக்குறதில்ல, பிசாசும் உலகமும் நம்ம மாம்சமும்தான் இழுக்குதுன்னு. திடப்படுத்தல் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணிருப்பீங்க, பரீட்சை முடிஞ்சதும் மறந்துருப்பீங்க.

நண்டு வளை

எங்க ஊரு கடமடை. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாங்கன்னு டிவில பூ தூவுறதக் காட்டுவாங்க, இங்க வீரசோழன் ஆத்து வாய்க்காலுக்கு அது வந்து சேர்றதுக்குள்ள நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கும். அப்படி வர்ற தண்ணிய எங்கப்பா ராத்திரி மொற வெச்சு வயலுக்குக் கட்டுவாரு. ஒரு தடவ சாயங்காலம் நெறக்கக் கட்டிட்டு வந்து படுத்தாரு, காலைல போயிப் பாத்தா எங்க வயல்ல சேறு மட்டும் மினுங்குது, பக்கத்து வயல்ல தண்ணி தளும்புது. வரப்பு மேல ஒரு கீறல் கூட இல்ல. நான் சின்னப் பையன், பக்கத்து வயல் பக்கமா நின்னு தண்ணி கொப்புளிச்சு வர்ற எடத்துல ஓடி ஓடி சேத்த அள்ளி அப்புறேன், அப்ப அப்ப பிச்சுக்கிட்டு வருது. எங்கப்பா சிரிச்சாரு. "தண்ணி வெளிய வர்ற எடத்துல அடைச்சா நிக்காதுடா, உள்ள போற எடத்துல அடைக்கணும்"ன்னுட்டு நம்ம வயல் பக்கமா எறங்கி, மிச்சம் கெடந்த தண்ணி எங்க சின்னதா சுழிச்சுக்கிட்டுப் போவுதுன்னு பாத்தாரு. அங்க நண்டு வளை. வைக்கோலயும் களிமண்ணையும் சேத்து உருட்டி உள்ள திணிச்சு குதிகாலால மிதிச்சாரு, நின்னுருச்சு.

இப்ப விசயத்துக்கு வரேன். குடிச்சது, அடிச்சது, பொய் சொன்னது, போன்ல பாக்கக் கூடாதத பாத்தது, இதெல்லாம் தண்ணி வெளிய வர்ற எடம். எல்லாரும் அங்கதான் நின்னு சேறு அப்புறோம். 'இனிமே தொட மாட்டேன் ஆண்டவரே'ன்னு கண்ணீரோட சத்தியம் பண்றதெல்லாம் இந்தப் பக்கம் நின்னு அப்புற சேறுதான். தண்ணி உள்ள போற எடம் அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, சில பேருக்கு ஒரு நாள் முன்னாடி எங்கயோ இருக்கும்.

அதக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போடுங்க. நாப்பது பக்க நோட்டு போதும். ரெண்டு வாரம் எழுதுங்க. என்ன பாவம் செஞ்சேன்னு எழுத வேணாம், அது உங்களுக்கே தெரியும், கடவுளுக்கும் தெரியும். அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்த எழுதுங்க: எத்தன மணி, எந்த எடம், கூட யாரு, கையில காசு இருந்துச்சா, பசியா இருந்தீங்களா, யார் மேலயாவது கோவமா இருந்தீங்களா, தூங்குனீங்களா. சுருக்கெழுத்துல எழுதுங்க, பேரெல்லாம் போடாதீங்க. எங்க பசங்கள்ல ஒருத்தன் எல்லாத்தையும் வெளிப்படையா எழுதி வெச்சு அவன் சம்சாரம் அரிசி டப்பாவுக்குப் பின்னாடிலேர்ந்து எடுத்துப் படிச்சு ஒரு வாரம் சோறு ஆக்கல.

ஒரு தம்பி, கொத்தனார் வேல. அவன் பிரச்சன குடின்னுதான் அவனே சொன்னான், "அண்ணே சரக்கப் பாத்தா என்னால முடியல". நோட்டுல பாத்தா திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஒண்ணுமே இல்ல. சனிக்கெழம மட்டும். சனிக்கெழம சம்பளம், ரொக்கமா. மத்தியானம் சரியா சாப்பிட மாட்டான், கணக்கு முடிக்கிற அவசரம். மேஸ்திரி கணக்குல அம்பது நூறு கொறைப்பாரு, அதுல கடுப்பு. வீட்டுக்குப் போற வழியில கட. பசி, கையில காசு, மனசுல கோவம், வழியில கட, அப்பறம் எவன் தாங்குவான்? இவன் அடைக்க வேண்டிய எடம் கட இல்ல, மத்தியானச் சாப்பாடும் அந்த ரொக்கமும். அதனால மூணு வேல செஞ்சோம். சனிக்கெழம டிபன் பாக்ஸ் கட்டிட்டுப் போறது, மேஸ்திரிகிட்ட கேட்டு சம்பளத்த சம்சாரத்தோட ஜிபேல போடச் சொல்றது, பெரிய ரோட்ட விட்டுட்டு வாய்க்கா கரையோரமா சைக்கிள்ல சுத்திப் போறது. சுத்து ரெண்டு கிலோமீட்டர் ஜாஸ்தி, மழ பேஞ்சா சேறு. டாஸ்மாக் ராத்திரி பத்து மணிக்கு மூடுற வரைக்கும்தான் போராட்டம், அத மணி பாத்து கடந்தான். ரெண்டு தடவ விழுந்தான், அதுக்கும் பின்னாடி வர்றேன்.

பொம்பளைங்க படிச்சீங்கன்னா இது ஆம்பளைங்களுக்கு எழுதுனதுன்னு தாண்டிப் போயிடாதீங்க. எங்க சபையில ஒரு அக்கா இதே மாதிரி நோட்டு போட்டாங்க, அவங்களோட ஓட்ட சாயங்காலம் அஞ்சர மணிக்கு வாசத் திண்ணைல நாலு பேரு உக்காந்து அடுத்த வீட்டு மருமவளப் பத்திப் பேசுறது. "நான் பேச்ச ஆரம்பிக்க மாட்டேன் தம்பி, ஆனா முடிச்சு வைக்கிறது நாந்தான்"னாங்க. அந்த நேரத்துக்கு பூ கட்டுற வேலய உள்ள கூடத்துக்கு மாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நாள் அந்த நாலு பேரும் இவங்களப் பத்திப் பேசுனாங்களாம்.

ஓடுறதுல வெக்கம் இல்ல

நின்னு ஜெயிக்கணும்னு நெனைக்கிறதுதான் புதுசா வர்றவங்க செய்யிற பெரிய தப்பு. கடைக்குள்ளயே போயி சோடா மட்டும் குடிச்சுட்டு வந்துட்டேன் பாத்தீங்களாண்ணேன்னு ஒருத்தன் பெருமையா சொன்னான், அடுத்த வாரமே தெரிஞ்சுச்சு சோடால என்ன கலந்துச்சுன்னு. போத்திபார் வீட்ல அவன் பொண்டாட்டி தப்புக்குக் கூப்புட்டு இழுத்தப்ப யோசேப்பு என்ன பண்ணாரு? அந்தம்மாவுக்கு வேதபாடம் எடுத்துக்கிட்டு நிக்கல, வஸ்திரத்த அவ கையிலயே விட்டுட்டு வெளிய ஓடுனாரு. ஓடுனதால அவருக்குக் கெடச்சது ஜெயில், அதையும் சொல்லிடணும், சரியான வழில போனா ஒடனே எல்லாம் நல்லா நடக்கும்னு நான் உங்களுக்கு ஆச காட்ட மாட்டேன். தாவீது ராஜா கதைய அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலத்துல இவரு மட்டும் எருசலேம்லயே இருந்துட்டாரு, சாயங்காலம் படுக்கையிலேர்ந்து எந்திரிச்சு மொட்டமாடில ஒலாத்துனாரு. அடுத்தவன் பொண்டாட்டி பத்சேபாள் கண்ணுல படுறது அதுக்கப்பறம்தான். தண்ணி உள்ள போன எடம் அந்த வேல இல்லாத சாயங்காலம்.

இப்ப நம்ம எல்லாருக்கும் மொட்டமாடி பாக்கெட்டுலயே இருக்கு. போன் விசயத்துல எங்க பசங்களுக்கு வேல செஞ்சது எல்லாம் சின்ன சின்ன மொரட்டு வழிங்கதான். ராத்திரி சார்ஜர் கூடத்துல, படுக்குற எடத்துல இல்ல. அலாரத்துக்கு போன் வேணும்னு சொல்லாதீங்க, ஒரு அலாரம் கடியாரம் வாங்குங்க. ரம்மி ஆடுனவங்களுக்கு: 2025ல மத்திய அரசே காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கெல்லாம் தட போட்டுருச்சு, ஆனா சட்டம் வந்தவுடனே கையில அரிப்பு போயிடாது, எவனாவது ஒரு லிங்க் அனுப்புவான். பேங்க் ஆப்புல ஒரு நாள் லிமிட்ட கம்மி பண்ணி வெய்ங்க, முடிஞ்சா யூபிஐய வீட்ல இருக்குறவங்க போனுக்கு மாத்துங்க. எவ்வளவு கடன்னு வீட்ல சொல்லுங்க, முழுத் தொகையையும். பாதி சொல்லி பாதி மறைக்கிறதுதான் அடுத்த ஆட்டத்துக்கு ஆளக் கொண்டு போயி விடுது, 'மிச்சத்த ஜெயிச்சு அடைச்சுடலாம்'னு.

வசனம் மனப்பாடம் பண்றதப் பத்தி சுருக்கமா. இயேசு மூணு சோதனைக்கும் உபாகமத்துலேர்ந்து எடுத்துத்தான் பதில் சொன்னாரு, மூணு தடவையும் சின்னதா. நூறு வசனம் வேணாம், உங்க ஓட்டைக்கு ஏத்த ஒண்ணு போதும், ஆனா அந்த நேரம் வர்றதுக்கு முன்னாடியே வாயில ஊறி இருக்கணும். கொத்தனார் தம்பிக்கு மத்தேயு 26:41, விழிச்சிருந்து ஜெபம் பண்ணுங்கன்னு கெத்செமனேல சொன்னது. சைக்கிள் மிதிக்கிற தாளத்துக்கே சொல்லிட்டுப் போவான். மந்திரம் மாதிரி சொன்னா ஓடிப்போயிடும்னு இல்ல, மனசு வேற எடத்துக்குப் போவாம இருக்க ஒரு பிடி, அவ்ளோதான்.

அப்பறம் அந்தக் காலியான நேரத்த நெரப்புங்க. மத்தேயு 12ல பெருக்கி அலங்கரிச்சு காலியா வெச்ச வீட்டுக்கு பழைய ஆவி ஏழு பேரக் கூட்டிட்டுத் திரும்பி வருதுல்ல, அதேதான். சனிக்கெழம ஏழுலேர்ந்து ஒம்போது எங்க கோயில்ல பாட்டுப் பயிற்சி வெச்சதுக்குக் காரணம் இதுதான், ஞாயித்துக்கெழம பாட்டு நல்லா வரணும்னு எல்லாம் இல்ல, வர்றதும் இல்ல. பாட வராதவங்க வாலிபால் ஆடுறாங்க.

ஒரே ஒரு ஆளு

இதத் தனியா செய்யாதீங்க. யாக்கோபு 5:16ல ஒருத்தருக்கொருத்தர் குத்தங்கள அறிக்க பண்ணச் சொல்லிருக்கு. ஆனா யார்கிட்ட சொல்றோம்கிறதுல ரொம்ப கவனமா இருக்கணும், இதுல நான் நெறய பேரு அடிபட்டதப் பாத்துருக்கேன். ஒரு பையன் நம்பிப் போயி ஒரு பெரியவருகிட்ட சொன்னான், அவரு அடுத்த வெள்ளிக்கெழம ஜெபக்கூட்டத்துல கண்ண மூடிக்கிட்டு "ஆண்டவரே இன்ன தெருவுல ஒரு மகன் இச்சையின் கட்டுல இருக்கான்"னு ஆரம்பிச்சாரு, அந்தத் தெருவுல இருந்ததே மூணு பசங்க. ஜெபக்குறிப்புங்கற பேர்ல ஊர் வம்பு எங்க சபைங்கள்ல நடக்குற அளவுக்கு டீக்கடையில கூட நடக்காது, நடக்குறதத்தான் சொல்றேன்.

அதனால ஆளப் பாத்துத் தேடுங்க. ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்குப் பொம்பள. உங்கள விட வயசுல மூத்தவங்களா இருந்தா நல்லது. அவங்க அடுத்தவங்க கதைய உங்ககிட்ட சொல்றாங்களான்னு பாருங்க, சொன்னா உங்க கதையும் வெளிய போகும். நல்லா பிரசங்கம் பண்றவரா இருக்கணும்னு இல்ல, போன் எடுக்குறவரா இருந்தா போதும். எனக்கு எங்கம்மாவோட தம்பி, மாமா. ரிட்டையர்டு பஸ் டிரைவர். மொத தடவ நான் போயி முக்கி முக்கி சொன்னப்ப,

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், தப்பா நெனைக்கக் கூடாது."

"மொதல்ல சாப்ட்டியா?"

"இல்ல மாமா."

"சாப்புட்டு வா, பேசுவோம். பசியோட பேசுனா எல்லாம் பெருசாத் தெரியும்."

சாப்புட்டு வந்து சொன்னேன், முழுசா கேட்டாரு, "சரி, புதங்கெழம புதங்கெழம ஏழு மணிக்கு நான் ஒனக்குப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கலன்னா நேரா வீட்டுக்கு வருவேன்"ன்னாரு. அவ்ளோதான் அவரு குடுத்த ஆலோசன. பதினாலு வருசம் அடிச்சாரு.

போதகர்கிட்ட அறிக்க பண்றது வேற, அது நம்ம சபையிலயும் உண்டு, கேட்டா தனியா உக்காருவாங்க. கத்தோலிக்க நண்பர்களுக்கு பாவசங்கீர்த்தனம் இருக்கு, பூண்டி மாதா கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ போறப்ப அங்க வரிசையில நின்னாவது செஞ்சுடுறாங்க, அத நான் மதிக்கிறேன். ஆனா அதுவும் வாரா வாரம் போன் அடிக்கிற ஆளுக்கு பதிலாகாது.

காசு விசயம்

இப்ப நான் விழுந்தத சொல்றேன். சோதனைன்னா குடி, பொம்பள, போன் இந்த மூணுதான்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம். நான் இருவது வயசு சுமாருக்கு ஒரு நெல் ஏவாரிகிட்ட எட போடுற வேலைல இருந்தேன். களத்துமேட்டுக்குப் போயி மூட்டையத் தூக்கி எட போட்டு எழுதணும். சாக்கு எடைன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்போம். காலி சாக்க நானே தராசுல போட்டுப் பாத்துருக்கேன், முக்கா கிலோ கூட வராது. அது போக தராசுலயும் ஒரு கைவேல. எனக்கு மூட்டைக்கு ரெண்டு ரூவா. ரெண்டு சம்பா அறுப்பு இப்படிப் போச்சு. நான் குடிக்க மாட்டேன், சினிமாவுக்குப் போவ மாட்டேன், ஞாயித்துக்கெழம ஓய்வுநாள் பள்ளியில புள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பேன், என்னை எல்லாரும் தங்கமான பையன்ம்பாங்க. ஒரு நாள் நீதிமொழிகள் 11ம் அதிகாரம், மொத வசனமே கள்ளத்தராசப் பத்தி. ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு, "அண்ணே, கள்ளத்தராசுன்னா எப்படி இருக்கும்?" எனக்கு அது எப்படி இருக்கும்னு நல்லாவே தெரியும். வாய் வரல. தண்ணி குடிச்சுட்டு வரேன்னு வெளிய போனவன் அன்னிக்கு திரும்ப உள்ள வரல.

வேலைய விட்டேன். விட்டது சுலபம். பைபிள்ல வரி வசூலிச்ச சகேயு, ஏமாத்துனத நாலத்தனையா திருப்பித் தரேன்னாரு, எனக்கு ஒரு மடங்குக்கே வழியில்ல. ஞாபகத்துல இருந்த வரைக்கும் கணக்குப் போட்டு, எனக்கு வந்த பங்கு இல்ல, விவசாயிங்க இழந்த நெல்லோட வெலைய, மூணு வருசம் தவணையா குடுத்தேன். ஒரு பாட்டி வாங்கிக்கிட்டு தலைல கை வெச்சாங்க. ஒருத்தரு வாங்கவே இல்ல. இன்னொருத்தரு காச வாங்கி எண்ணிப் பாத்துட்டு "ரெண்டு வருசம் என் வயித்துல அடிச்சுட்டு இப்ப எங்கிட்டயே வந்து சாட்சி சொல்றியா"ன்னு களத்துல நாலு பேரு முன்னாடி கத்துனாரு. இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேச மாட்டாரு. அவரு கோவம் நியாயந்தான். திருப்பிக் குடுத்தா மன்னிப்பாங்கன்னு எதிர்பாத்துப் போகாதீங்க, கடன அடைக்கப் போறோம்னு போங்க.

இந்த மண்ணுல வாக்குக்கு என்ன மதிப்பு இருந்துச்சுன்னு நெனச்சா தஞ்சாவூர்ல இருந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞாபகம் வரும். 1780-கள்ல ஹைதர் அலி படை தஞ்சாவூர் சீமையில பூந்து, கோட்டைக்குள்ள ஜனங்க பட்டினி. வெளிய நெல் இருக்கு, ஏத்திட்டு வர மாடும் ஆளும் இல்ல, ஏன்னா அதுக்கு முன்னாடி கூலி குடுக்காம ஏமாத்திருக்காங்க, ராஜா சொன்னாலும் யாரும் நம்பத் தயாரா இல்ல. சுவார்ட்ஸ் 'பணத்துக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னாரு, ஒண்ணு ரெண்டு நாள்ல ஆயிரம் மாடு வந்துச்சு, 80,000 கலம் நெல் உள்ள வந்துச்சு. முடிஞ்சதும் எல்லாருக்கும் காசு குடுத்து அனுப்புனாரு. அந்த ரெண்டு நாள் நம்பிக்கைய அவரு அந்த ரெண்டு நாள்ல சம்பாரிக்கல, அதுக்கு முன்னாடி வருசக்கணக்கா சின்னச் சின்னக் கணக்குல சம்பாரிச்சது. 1798ல அவரு செத்தப்பறம் சரபோஜி மன்னரு லண்டன்ல ஃபிளாக்ஸ்மேன்ங்கற சிற்பிகிட்ட சொல்லி பளிங்குல ஒரு சிற்பம் செஞ்சு வெச்சாரு, தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கத்துல இருக்குற சுவார்ட்ஸ் சர்ச்ல இன்னும் இருக்கு, போனா பாருங்க.

நம்ம ஊர்ல இதுக்கு பரீட்சை ராத்திரி வாய்க்கா கரையில நடக்கும். அடுத்தவன் மொறைல மடைய ஒரு சாண் தொறந்து விட்டா யாருக்குத் தெரியும்? 'ஊரே செய்யுது, நான் மட்டும் காஞ்சு சாவணுமா'ன்னு தோணும், பயிரு கண்ணு முன்னாடி சுருளுறப்ப தோணத்தான் செய்யும், அத நான் லேசா சொல்லல. இதுக்கும் அதே வழிதான். தண்ணிப் பஞ்சம்னு தெரிஞ்ச வாரத்துல தனியா ராத்திரி போவாதீங்க, அடுத்த வயக்காரரையே கூட்டிக்கிட்டுப் போங்க, ரெண்டு பேரும் ஒரே வரப்புல உக்காந்து பேசிக்கிட்டு இருங்க.

விழுந்தா

விழுவீங்க. நீதிமான் ஏழு தரம் விழுந்தாலும் எந்திரிப்பான்னு நீதிமொழிகள் 24:16. இதுல முக்கியம் எவ்வளவு நேரத்துல எந்திரிக்கிறீங்கங்கறதுதான். வரப்பு ஒடஞ்சா விடியட்டும்னு எங்கப்பா படுக்க மாட்டாரு, ஒரு ஜாமத்துல ஒரு சாண் ஓட்ட ஒரு மொழமாயிடும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, சனிக்கெழம ராத்திரி விழுந்தா ஞாயித்துக்கெழம வெக்கத்துல கோயிலுக்கு வர மாட்டாங்க, அடுத்த வாரம் 'போன வாரம் ஏன் வரலன்னு கேப்பாங்களே'ன்னு வர மாட்டாங்க, மூணாவது வாரம் பழகிப் போயிடும். விழுந்த மறுநாள் காலைலதான் நீங்க கண்டிப்பா கோயிலுக்கு வரணும். கடைசி பெஞ்சுல உக்காருங்க. ஆராதனைல மொதல்லயே பாவ அறிக்க வெச்சுருக்குறது வந்தவங்க எல்லாரும் அந்த வாரம் ஒழுங்கா இருந்தாங்கங்கறதுக்காகவா? கொத்தனார் தம்பி விழுந்த ரெண்டு தடவையும் மறுநாள் வந்தான், ஒரு தடவ வாசன அடிச்சுச்சு, பக்கத்துல இருந்தவரு மூக்கச் சுளிச்சாரு, நான் அவரத்தான் மொறச்சேன்.

அன்னிக்கே செய்ய வேண்டியது: அந்த ஒரு ஆளுக்குப் போன். வீட்ல யாரையாவது திட்டிருந்தா, கை நீட்டிருந்தா, ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டதோட முடிச்சுக்காம அவங்ககிட்டயே போயி கேளுங்க. நோட்ட எடுத்து அந்த ஒரு மணி நேரத்த எழுதுங்க, பெரும்பாலும் புது ஓட்ட ஒண்ணு தெரியும். அந்தத் தம்பிக்கு ரெண்டாவது தடவ விழுந்தது ஒரு கல்யாண வீட்ல, அத நாங்க யோசிக்கவே இல்ல.

ஒண்ண மட்டும் ஜெபத்தோட விட்றாதீங்க. தெனமும் குடிக்கிறவங்களுக்கு காலைல கை நடுங்குது, வேர்க்குது, குடிச்சாத்தான் நிக்கிதுன்னா அது ஒடம்பு கேக்குறது, திடீர்னு தானா நிறுத்துனா வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, இல்ல பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில டாக்டரப் பாத்துட்டு நிறுத்துங்க. மனசு ரொம்ப இருட்டா இருந்தா 14416க்கு அடிங்க, அரசு ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். உபவாசம் இருந்து குடிய நிறுத்துறேன்னு கெளம்புன ஒருத்தர நாங்க ஆட்டோல தூக்கிட்டு ஓடிருக்கோம்.

லூக்கா 4:13ல ஒரு வார்த்த இருக்கு, பிசாசு சோதிச்சு முடிச்சுட்டு 'சிலகாலம்' விலகிப் போனான்னு. சிலகாலம்தான். குறுவை அறுத்துட்டு சம்பாவுக்கு மறுபடி வரப்பு வெட்டுறப்ப போன தடவ அடைச்ச வளைக்கு ரெண்டடி தள்ளி புதுசா ஒரு வளை இருக்கும், அதனால அந்த ரெண்டு வார நோட்ட வருசத்துக்கு ரெண்டு தடவ போடுங்க, லெந்துக் காலத்துல ஒரு தடவ, அறுப்பு முடிஞ்சு கையில காசு வர்றப்ப ஒரு தடவ. ரெண்டாவதுதான் கஷ்டமா இருக்கும். மாமா போனதுக்கப்பறம் எனக்கு புதங்கெழம ஏழு மணிக்கு இப்ப அந்தக் கொத்தனார் தம்பிதான் போன் அடிக்கிறான், எடுத்தவுடனே கேக்குறது "சாப்டீங்களாண்ணே"ன்னு.